2028-இல் இங்கிலாந்தின் பாடத்திட்டம் மாறும்போது தொடக்கப்பள்ளிக்குள் என்ன நடக்கும்?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோவையிலிருந்து இங்கிலாந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் இப்போது இயர் 3 (7-8 வயது வகுப்பு), மகள் ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய, 4-5 வயது வகுப்பு). 2028 செப்டம்பரில் தேசியப் பாடத்திட்டம் மாறப்போகிறது என்று செய்தியில் பார்த்திருக்கிறீர்கள். பள்ளியில் விசாரித்தபோது தலைமை ஆசிரியை “இப்போதைக்கு எதுவும் மாறவில்லை” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பாடப்புத்தகமும் வருவதில்லை, அதனால் பள்ளியில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, ட்யூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது என்னவென்றால், எந்தப் பாடம் வருகிறது, எது போகிறது என்பது உங்கள் கவலை இல்லை. மாறுகிற நேரத்தில் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்வானா, பள்ளி அதைப் பற்றி யோசிக்கிறதா, இல்லை சும்மா இருக்கிறதா என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. வகுப்பு எடுப்பதோடு கணிதப் பாடத்தின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. 2014-இல் இதற்கு முந்தைய பெரிய மாற்றம் வந்தபோதும் வகுப்பறையில்தான் இருந்தேன். அதனால் கீழே எழுதுவதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது. என் பள்ளி நகரத்துப் பள்ளி, ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஐம்பது பிள்ளைகள் மட்டுமே இருக்கும் கிராமத்துப் பள்ளியின் கஷ்டம் எனக்குக் கேள்வி அறிவுதான். செகண்டரி, அதாவது இயர் 7 முதல் உள்ள மேல்வகுப்புப் பள்ளி பற்றி நான் பேசப்போவதில்லை. இன்னொன்று: இந்தத் ‘தேசியப் பாடத்திட்டம்’ இங்கிலாந்துக்கு மட்டுமே. வேல்ஸில் 2022 முதல் அவர்களுடைய சொந்தப் பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனி. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருக்கும் உறவினர் சொல்வதை உங்கள் பள்ளிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 2024 ஜூலையில் அரசு பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு மறுஆய்வை அறிவித்து, பேராசிரியர் பெக்கி ஃபிரான்சிஸ் தலைமையில் குழு அமைத்தது. இறுதி அறிக்கை 2025 நவம்பர் 5 அன்று வந்தது. அரசும் அன்றே தன் பதிலை வெளியிட்டது. புதிய பாடத்திட்டம் முழு வடிவில் 2027 வசந்தத்தில் வெளியாகும், 2028 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்பது அரசு சொன்ன கால அட்டவணை. குடியுரிமைப் பாடம் தொடக்கப்பள்ளியிலும் கட்டாயமாகும். பண விஷயங்கள், ஊடகச் செய்திகளைச் சரிபார்ப்பது, ஜனநாயகம், காலநிலை எல்லாம் அதற்குள் வரும். பேச்சுத் திறனுக்கென்று ஒரு வழிகாட்டி வரும். தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 முடிவில் நாடு முழுவதும் நடக்கும் சாட்ஸ் தேர்வு தொடரும். அதில் இலக்கணத் தாளை மாற்றியமைக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. இவ்வளவுதான் கையில் இருக்கிறது. இயர் 5 கணிதத்தில் என்ன இருக்கும், இயர் 4 அறிவியலில் எது வெளியேறும் என்ற விவரம் 2027-இல் அந்த ஆவணம் வந்த பிறகே எல்லோருக்கும் தெரியும். இப்போதே “புதிய சிலபஸ்” என்று சொல்லிப் புத்தகமோ வகுப்போ விற்பவர்களை நம்பாதீர்கள். விற்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

பாடப்புத்தகம் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பாடத்திட்டம் மாறினால் புதுப் புத்தகம் வரும். அட்டை, படங்கள், பயிற்சிகள் எல்லாமே அரசு அச்சிட்டுக் கொடுப்பது. மாற்றம் கைக்குத் தெரியும். இங்கே அரசு தருவது எந்த வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே. கணிதம், ஆங்கிலம், அறிவியலுக்கு அது விரிவாக இருக்கும். வரலாறு, புவியியல், ஓவியத்துக்கெல்லாம் இரண்டு மூன்று பக்கங்கள்தான். எந்த வாரத்தில் எதை எடுப்பது, எந்தக் கதையைப் படிப்பது, எந்தப் பயிற்சியைக் கொடுப்பது எல்லாம் பள்ளியின் முடிவு. ஆகவே பட்டியல் மாறும்போது, நம் ஊரில் பாடநூல் குழு செய்கிற வேலையை இங்கே ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர்களை வைத்தே செய்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு எதுவுமே தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பள்ளி தன் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும், அது விதி. ‘கரிக்குலம்’ (பாடத்திட்டம்) என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். நிறையப் பெற்றோர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இனி உங்கள் தலைமை ஆசிரியை சொன்ன பதில். அது அலட்சியமான பதில் போலத் தோன்றலாம். என் கணிப்பில் அது சரியான பதில், காரணமும் இருக்கிறது. 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாகத்தான் இந்த நாட்டுக்கு முதன்முதலாகத் தேசியப் பாடத்திட்டம் வந்தது. பிறகு பலமுறை திருத்தினார்கள். 2009-இல் சர் ஜிம் ரோஸ் தலைமையிலான குழு, தொடக்கப்பள்ளிப் பாடங்களை ஆறு பெரும் பிரிவுகளாகச் சேர்க்கலாம் என்று சொன்னது. 2011 செப்டம்பரில் தொடங்குவதாக இருந்தது. 2010 மேயில் ஆட்சி மாறியது, திட்டம் அப்படியே கைவிடப்பட்டது. ஆர்வமாக முன்கூட்டியே வேலையைத் தொடங்கிய பள்ளிகளில் ஆசிரியர்கள் மாலை மாலையாக உட்கார்ந்து எழுதிய திட்டங்கள் குப்பைக்குப் போயின. அந்தக் காலத்தைப் பார்த்த எந்தத் தலைமை ஆசிரியரும் இறுதி ஆவணம் கைக்கு வராமல் ஒரு பக்கத்தைக்கூட மாற்ற மாட்டார். பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து இன்றே மாற்றத் தொடங்கினால், இன்று நடக்க வேண்டிய பாடம் கெடும்.

ஆனால் மாற்றம் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் நீங்கள் கவனமாக இருக்கத்தான் வேண்டும். 2014-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2028-ஐ எடைபோட நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல அளவுகோல் அதுதான்.

புதிய பட்டியல் 2013 செப்டம்பரில் வெளியானது, 2014 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஒரு வருட அவகாசம். கணிதத்தில் பல விஷயங்கள் ஒரு வகுப்பு, சில இடங்களில் இரண்டு வகுப்பு கீழே இறங்கின. 10-ஆம் வாய்ப்பாடு வரை போதும் என்று இருந்தது, இயர் 4 முடிவதற்குள் 12-ஆம் வாய்ப்பாடு வரை என்று ஆனது. ரோமன் எண்கள் வந்தன. இயர் 6-இல் நீள் வகுத்தல் பெயர் சொல்லியே கேட்கப்பட்டது. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது அதுவரை பெரும்பாலும் செகண்டரி சமாச்சாரம். அது தொடக்கப்பள்ளிக்கு வந்தது.

அந்தப் பின்னங்களில்தான் எனக்கு இந்த மாற்றத்தின் உண்மையான பிரச்சினை புரிந்தது. 2014 இலையுதிர்காலத்தில் இயர் 5 வகுப்பில் 2/3 + 1/6 என்று பலகையில் எழுதினால், பாதி வகுப்பு 3/9 என்று எழுதும். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்ல. 2/3-ம் 4/6-ம் ஒன்றே என்ற அறிவு இயர் 3-லும் இயர் 4-லும் ஊன்றியிருக்க வேண்டும் என்பது புதிய பட்டியலின் எதிர்பார்ப்பு. இந்தப் பிள்ளைகள் இயர் 3, இயர் 4 படித்ததோ பழைய பட்டியலில். அவர்கள் ஏறாத படியிலிருந்து அடுத்த படிக்குக் காலை வைக்கச் சொன்னோம். புதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு “இயர் 5 என்றால் இதுதான்” என்று ஓடிய வகுப்புகளில் பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்தார்கள், மூன்று வாரத்தில் மறந்தார்கள்.

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்தது இது. ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் முன்னால், அதற்கு வேண்டிய கீழ்வகுப்புப் பகுதியை எடுத்து ஒன்றிரண்டு வாரம் செலவழித்தோம். பின்னத்துக்குக் காகிதப் பட்டைகள்: ஒரு பட்டையை மூன்றாக மடி, இரண்டு பங்குக்கு வண்ணம் அடி, இப்போது அதையே இன்னொரு முறை பாதியாக மடி, வண்ணம் அடித்த இடம் கூடியதா குறைந்ததா? “கூடவில்லை மிஸ், ஆனால் துண்டு நாலாகிவிட்டது” என்று பிள்ளையே சொன்ன பிறகுதான் கூட்டலுக்குப் போனோம். இதனால் அந்த வருடம் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் முடிக்க முடியவில்லை. புள்ளிவிவரப் பகுதியைச் சுருக்கினோம், ரோமன் எண்களை ஒரே வாரத்தில் கடந்தோம். எதைச் சுருக்குவது என்று முடிவெடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்த பள்ளிகள் பிழைத்தன. ஒரு பாடத்திட்ட மாற்றத்தில் பள்ளி செய்ய வேண்டிய முதல் வேலை இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பது. புதிய பாடத்தைத் தொடங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாவது வேலை ஆசிரியர்களின் சொந்த அறிவு. இதைப் பள்ளிகள் வெளியே அதிகம் பேசுவதில்லை. வரலாற்றில் அதுவரை விக்டோரியா காலம், இரண்டாம் உலகப் போர், டியூடர் மன்னர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் அலமாரியில் விக்டோரியா பெட்டி ஒன்று இருக்கும்: சிலேட்டு, பழைய பாணித் தொப்பி, துணி துவைக்கும் பலகை. 2014 பட்டியல் கற்காலத்தில் தொடங்கி 1066 வரை காலவரிசைப்படி போகச் சொன்னது. பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, வெண்கலக் காலம் எப்போது, இரும்புக் காலம் எப்போது என்று ஆசிரியர்களே முதலில் படிக்க வேண்டியிருந்தது. தொன்மையான நாகரிகங்களில் ஒன்றை ஆழமாகப் படிக்க வேண்டும் என்று நான்கு பெயர்கள் கொடுத்திருந்தார்கள்: சுமேரியா, சிந்துவெளி, எகிப்து, சீனாவின் ஷாங் வம்சம். பெரும்பாலான பள்ளிகள் எகிப்தைத்தான் எடுத்தன. பொருள் கையில் இருந்தது, பழகிய பாடமும்கூட. எங்கள் வட்டாரப் பிள்ளைகளின் குடும்பங்களை நினைத்துச் சிந்துவெளியை எடுக்கலாம் என்று நாங்கள் சிலர் வாதாடினோம், எடுத்தோம். மொஹஞ்சதாரோவின் வடிகால் அமைப்பை ஒன்பது வயதுப் பிள்ளைகள் மண்ணில் செய்துகாட்டியது இன்றும் எனக்குப் பிடித்த வகுப்பு.

கணினிப் பாடமும் அப்படித்தான். அதுவரை வேர்டில் எழுது, பவர்பாயின்ட் செய் என்பதே பாடம். திடீரென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு அல்காரிதம் (ஒரு வேலையைச் செய்வதற்கான படிப்படியான வழிமுறை) என்றால் என்ன என்று தெரிய வேண்டும், பெரிய வகுப்பில் நிரல் எழுத வேண்டும் என்று ஆனது. ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த சக ஆசிரியை ஒருவர் வீட்டில் பேரனோடு உட்கார்ந்து பிள்ளைகளுக்கான நிரல் மொழியான ஸ்க்ராட்ச் கற்றுக்கொண்டு வந்தார். அறிவியலில் இயர் 6-க்குப் பரிணாமம் புதிதாக வந்தது. எங்கள் பகுதியில் பக்தியுள்ள குடும்பங்கள் பல, அதனால் பெற்றோரை முன்கூட்டியே அழைத்துப் பேசினோம், பெரிய சிக்கல் வரவில்லை. இத்தனையும் கற்றுக்கொள்ள ஆசிரியர்களுக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஐந்து பயிற்சி நாட்களும் வாரத்துக்கு ஒரு மாலைக் கூட்டமும்தான். பள்ளி அந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறது என்று பார்த்தாலே அது எவ்வளவு தயார் என்று தெரிந்துவிடும்.

அதே நேரத்தில், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணும் எழுத்துமாகக் குறிக்கும் ‘லெவல்’ முறையையும் எடுத்துவிட்டார்கள். 2பி, 4ஏ என்று பெற்றோருக்குப் பழகிப்போயிருந்த அடையாளங்கள் போயின. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று ஒரு மதிப்பீட்டு முறையை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் இரண்டு வருடம் அது குழப்பம்தான். இன்று உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் வரும் ‘எக்ஸ்பெக்டெட்’ (எதிர்பார்த்த நிலை), ‘கிரேட்டர் டெப்த்’ (அதற்கும் மேலான நிலை) எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த மாற்றத்தில் யார் அதிகம் அடிபட்டார்கள் என்பது உங்களுக்கு முக்கியம். 2014-15-இல் இயர் 2, இயர் 6 பிள்ளைகளுக்கு மட்டும் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் பழைய பாடத்திட்டமே தொடர்ந்தது, ஏனென்றால் அந்த வருடத் தேர்வு பழைய முறையில் இருந்தது. புதிய சாட்ஸை முதலில் எழுதியது அப்போது இயர் 5-இல் இருந்த பிள்ளைகள், 2016 மேயில். அதற்கு முந்தைய வருடம் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் 80 சதவீதம். 2016-இல் அது 53 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளின் அறிவு சரிந்துவிட்டது என்று சொல்வது தவறு. தேர்வு வேறு, எதிர்பார்த்த நிலையும் உயர்த்தப்பட்டது. அந்த வீழ்ச்சியில் எவ்வளவு கடினமான தேர்வால், எவ்வளவு இடைவெளியால் என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. ஆனால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ‘எட்டவில்லை’ என்ற முத்திரையோடு செகண்டரிக்குப் போனார்கள். அது என்னை இன்றும் வருத்துகிறது. 2025-இலும் அந்த எண் 62 சதவீதம்தான்.

கிராமத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லை இருந்ததாக அங்கே வேலை பார்க்கும் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைக்கும் பள்ளியில் வரலாறு, அறிவியலை இரண்டு வருடச் சுழற்சியில் எடுப்பார்கள். சுழற்சியின் நடுவில் பட்டியல் மாறினால் ஒரே பிள்ளை கற்காலத்தை இரண்டு முறை படிக்கும், ரோமானியர்களைப் படிக்காமலே போகும். உங்கள் பள்ளி அப்படிப்பட்டதாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் காகிதத்தில் மாறிய வரலாறும் புவியியலும் பல பள்ளிகளின் வகுப்பறையில் உண்மையாகவே மாறியது 2019-க்குப் பிறகுதான். அந்த வருடம் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தன் ஆய்வு முறையை மாற்றி, ஒவ்வொரு பாடத்தையும் எந்த வரிசையில், ஏன் அப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று குடைந்து கேட்கத் தொடங்கியது. அதுவரை தேர்வு இருக்கும் பாடங்களுக்கே எல்லா உழைப்பும் போய்க்கொண்டிருந்தது. அரசு ஒரு பட்டியலை வெளியிடுவதால் மட்டும் வகுப்பறை மாறிவிடுவதில்லை. யாராவது வந்து பார்ப்பார்கள் என்றால்தான் பல இடங்களில் மாறுகிறது. குடியுரிமைப் பாடம் 2028-இல் கட்டாயமானாலும், அது நல்ல பாடமாக ஊன்ற இன்னும் சில வருடங்கள் ஆகும் என்றே நான் நினைக்கிறேன்.

2014-க்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்போது பெரும்பாலான பள்ளிகள் தங்கள் திட்டங்களைத் தாங்களே எழுதின. இன்று கணிதத்துக்கு ஒயிட் ரோஸ் போன்ற ஆயத்தத் திட்டங்களையும், மற்ற பாடங்களுக்கு ஓக் நேஷனல் அகாடமி போன்றவை இலவசமாகத் தரும் பாடங்களையும் பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. 2027-இல் ஆவணம் வந்ததும் முதலில் புதுப்பித்துக்கொள்வது இவைதான். பள்ளி அதை இறக்கிக்கொள்ளும். ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும், அது நல்லதே. எனக்குள்ள பயம் வேறு. அந்த ஸ்லைடுகள் எல்லாப் பள்ளிக்கும் பொதுவானவை. ஒரு குறிப்பிட்ட வகுப்பில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. இயர் 5-இன் புதிய ஸ்லைடைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஓட்டினால், 2014-இல் 3/9 எழுதிய வகுப்பு மறுபடியும் வரும். கண்டுபிடித்து நிறுத்த வேண்டியது வகுப்பு ஆசிரியர்தான்.

இப்போது உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். மகன் இயர் 3 என்றால் 2028 செப்டம்பரில் இயர் 6. 2029 மேயில் சாட்ஸ். 2014-இல் செய்தது போலவே செய்தால், அவனுடைய வகுப்பு பழைய பாடத்திட்டத்திலேயே முடித்துவிட்டுப் போகும். இது என் ஊகம்; ஆனால் காரணம் உள்ள ஊகம். பாதித் தேர்வை ஒரு பட்டியலிலும் மீதியை இன்னொன்றிலும் வைக்க முடியாது என்பது அன்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் இப்போது இயர் 2-இல் இருக்கும் பிள்ளைகள். 2028-இல் அவர்கள் இயர் 5. 2016 பிள்ளைகள் நின்ற அதே இடம். உங்கள் மகள் 2028-இல் இயர் 3 ஆவாள். பெரிய வகுப்புகளின் (இயர் 3 முதல் இயர் 6 வரை) தொடக்கத்திலேயே புதிய பட்டியலோடு போவதால் அவளுக்குக் குழப்பம் குறைவாகவே இருக்கும். ரிசப்ஷனில் அவள் இப்போது படிப்பது தேசியப் பாடத்திட்டமே அல்ல, அது சிறு பிள்ளைகளுக்கான தனிச் சட்டகம்.

உங்கள் பள்ளி அகாடமியா, அதாவது உள்ளாட்சியின் கீழ் வராமல் அரசு நிதியில் தனித்து நடக்கும் பள்ளியா என்பதையும் பாருங்கள். அகாடமிகள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாமல்தான் இத்தனை வருடம் இருந்தன. அதைக் கட்டாயமாக்கும் பிரிவு 2024 டிசம்பரில் கொண்டுவந்த மசோதாவில் இடம்பெற்றது. நடைமுறையில் தொடக்கப்பள்ளி அகாடமிகளும் சாட்ஸ் எழுதியாக வேண்டும் என்பதால், கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை.

தலைமை ஆசிரியையிடம் “தயாரா” என்று கேட்டால் “தயார்” என்றுதான் சொல்வார். 2027 கோடையில் பெற்றோர் சந்திப்பில் வேறு மாதிரி கேளுங்கள். பழைய பட்டியலில் இல்லாமல் புதியதில் கீழ்வகுப்புக்கு இறங்கியிருக்கும் பகுதிகள் எவை, அவற்றை இடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பருவத்தில் ஈடுகட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வருடப் பயிற்சி நாட்களில் எந்தப் பாடங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பள்ளி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நம்பலாம். ஆவணம் வந்து ஒரு பருவம் கழிந்தும் “திட்டம் வாங்கிவிட்டோம், அதில் எல்லாம் இருக்கிறது” என்று மட்டும் பதில் வந்தால், அப்போது கவலைப்படுங்கள்.

ட்யூஷன் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். லெவன் பிளஸ் நுழைவுத் தேர்வு எழுதவைத்து, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் ஸ்கூலுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அது தனிக் கணக்கு. அந்தத் தேர்வு பெரும்பாலும் இயர் 6 தொடங்கும் செப்டம்பரிலேயே நடந்துவிடும், பாடத்திட்ட மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பாடத்திட்ட மாற்றத்தைவிட உங்கள் மகனுக்குப் பக்கத்தில் இருப்பது 2027 ஜூனில் இயர் 4 பிள்ளைகளுக்கு நடக்கும் வாய்ப்பாட்டுச் சோதனை. கணினியில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12-ஆம் வாய்ப்பாடு வரை. தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. 6, 7, 8, 9, 12 வாய்ப்பாடுகளிலிருந்துதான் கேள்விகள் அதிகம் வரும். நம் வீடுகளில் வாய்ப்பாடு ஒப்பிப்பது பழக்கம்தான், ஆனால் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை “ஏழெட்டு?” என்று நடுவில் கேட்டால் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அதற்குள் 6 விநாடி போய்விடும். மாற்றி மாற்றிக் கேட்டுப் பழக்குங்கள். இரவுச் சாப்பாட்டின்போது ஐந்து கேள்வி போதும்.

இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் இடைவெளி வேறு. விடை சரியாக இருக்கும், “எப்படித் தெரியும்?” என்று கேட்டால் வாய் திறக்காது. இங்கே சாட்ஸ் கணிதத் தேர்வின் மூன்று தாள்களில் இரண்டு அந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. 110 மதிப்பெண்ணில் நேரடிக் கணக்கு 40, மீதி 70-உம் யோசித்துப் போடும் கணக்குகள். பேச்சுத் திறனுக்கும் இனி இடம் கூடப்போகிறது. ஆகவே வீட்டில் கணக்கை முடித்ததும் ஏன் அப்படிப் போட்டாய் என்று அவனைச் சொல்லவையுங்கள், தமிழிலேயே சொல்லட்டும். வீட்டில் தமிழில் காரணம் சொல்லிப் பழகிய பிள்ளைகள் வகுப்பில் ஆங்கிலத்திலும் சீக்கிரம் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பது என் அனுபவம். ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். 2014 முதல் பெரிய வகுப்புகளுக்கு ஒரு அயல்மொழி கட்டாயம். அது எந்த மொழியாகவும் இருக்கலாம் என்றுதான் ஆவணம் சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகள் பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ் எடுப்பது ஆசிரியர் கிடைப்பதைப் பொறுத்து. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் உள்ள பள்ளியில் தமிழைக் கேட்டுப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

2027 வசந்தத்தில் ஆவணம் வெளியானதும் இயர் 5, இயர் 6 கணிதத்தையும் இலக்கணப் பகுதியையும் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு எழுதுகிறேன். உங்கள் பள்ளி கலப்பு வகுப்பு வைத்திருக்கிறதா, எந்தக் கணிதத் திட்டத்தைப் பயன்படுத்துகிறது என்பதை இங்கேயே சொன்னீர்களானால் அதையும் சேர்த்துப் பார்க்க முடியும்.